விடைபெறாமல் போன மார்ஷல்



அமெரிக்கத் தொலைக்காட்சியில் இருபது ஆண்டுகள் ஒரே வேடத்தைத் தாங்கி நின்ற ஜேம்ஸ் ஆர்னெஸ் என்னும் நடிகர், 2011 ஜூன் 3 அன்று தமது 88-ஆம் வயதில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பிரென்ட்வுட் பகுதியிலுள்ள தம் இல்லத்தில் காலமானார். அவரை ஒருமுறையேனும் நேரில் கண்டிராத மக்கள் அவரை எவ்வாறு நினைவுகூர்ந்தார்கள், அந்த நினைவு எதைப் பற்றிக்கொண்டது, எதைக் கைவிட்டது என்பதே இன்றைய உரையின் பொருள். ஒரு நடிகர் இறந்தால் ரசிகர்கள் வருந்துவது உலக வழக்கம்தானே, அதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று அவையோர் கேட்கலாம். இருக்கிறது. ஆர்னெஸின் தொடர் 1975-இல் நின்றபோது, அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விடைபெறும் வாய்ப்பே தரப்படவில்லை. அன்று நடக்காமல் போன விடைபெறுதலைத்தான் 36 ஆண்டுகள் கழித்து ரசிகர்கள் நடத்தி முடித்தார்கள் என்பதும், அதற்கு வழியமைத்துக் கொடுத்தவர் இறந்துபோன அந்த மனிதரே என்பதும்தான் இவ்வுரை எடுத்துக்காட்ட முனையும் செய்தி.

முதலில் 'வெஸ்டர்ன்' என்னும் வகையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய சில பத்தாண்டுகளில், மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே விரிந்துகிடந்த புல்வெளிகளிலும் சுரங்க ஊர்களிலும் மாட்டுச் சந்தைகளிலும் நடப்பதாகப் புனையப்பட்ட கதைகளே வெஸ்டர்ன் எனப்படுகின்றன. தமிழர்களுக்கு இவ்வகை 'கௌபாய் படம்' என்ற பெயரில் பழக்கமானது. இயக்குநர் கர்ணன் ஜெய்சங்கரைக் குதிரையேற்றி எடுத்த 'கங்கா' போன்ற படங்களும், லயன் காமிக்ஸ் வழியே வீடுதோறும் வந்துசேர்ந்த டெக்ஸ் வில்லரும் அதற்குச் சான்று. ஆனால் தமிழ்நாட்டுக்கு வந்த கௌபாய் பெரும்பாலும் இத்தாலி வழியாக வந்தவர். கண்ணிமைக்கும் நேரத்தில் துப்பாக்கியை உருவிச் சுடுபவர். அமெரிக்க வீடுகளின் வரவேற்பறைக்குள் வாரந்தோறும் வந்துபோன கௌபாயோ வேறொரு மனிதர். அந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளாமல் ஆர்னெஸுக்காகப் பெருகிய துயரத்தைப் புரிந்துகொள்ள இயலாது.

அந்த வேறொரு மனிதரின் பெயர் மேட் டில்லன். கான்சஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டியில் பணியாற்றும் அமெரிக்க மார்ஷல், அதாவது மத்திய அரசால் அமர்த்தப்பட்ட சட்டக் காவலர். தொடரின் பெயர் 'கன்ஸ்மோக்'. இது தொலைக்காட்சியில் பிறந்த கதையன்று; 1952 ஏப்ரல் 26 அன்று சி.பி.எஸ். வானொலியில் தொடங்கிய நாடகத் தொடர். அதை உருவாக்கிய நார்மன் மெக்டானலும் ஜான் மெஸ்டனும், அதுகாறும் சிறுவர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டு வந்த கௌபாய் கதையைப் பெரியவர்களுக்கான நாடகமாக மாற்ற எண்ணினார்கள். அவர்களுடைய டில்லன் களைத்துப்போனவர், தனிமைப்பட்டவர், தம் வேலையைச் சில நேரங்களில் வெறுப்பவர். வானொலியில் அவருக்குக் குரல் கொடுத்த வில்லியம் கான்ராட், இருட்டிலிருந்து எழுவது போன்ற ஆழ்ந்த குரல்வளம் உடையவர். அப்படியிருந்தும் தொடர் தொலைக்காட்சிக்கு மாறியபோது அவருக்கு அவ்வேடம் கிடைக்கவில்லை. குரல் மார்ஷலுடையதாக இருந்தாலும் உடல் பருத்திருந்தது என்பதே காரணம். காதால் கேட்கும் கலைக்கும் கண்ணால் காணும் கலைக்கும் நடுவிலுள்ள இரக்கமற்ற கணக்கு அது.

அந்த இடத்திற்கு வந்தவர் ஆர்னெஸ். 1923 மே 26 அன்று மினியாபொலிஸ் நகரில் நார்வே வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். உயரம் 6 அடி 7 அங்குலம். பின்னாளில் 'மிஷன்: இம்பாசிபிள்' தொடரால் புகழ்பெற்ற பீட்டர் கிரேவ்ஸ் இவருடைய உடன்பிறந்த தம்பி. ஆர்னெஸ் அதற்கு முன் நடித்த படங்களுள் 1951-இல் வெளிவந்த 'தி திங் ஃபிரம் அனதர் வேர்ல்ட்' நினைவில் கொள்ளத்தக்கது. அதில் பனிப்பாழிலிருந்து எழுந்துவரும் வேற்றுக்கோள் உயிரினமாக, முகமே தெரியாத ஒப்பனைக்குள் நடித்தார். அவரை அழைத்ததற்கு முதற் காரணம் நடிப்பன்று, உயரம். ஜான் வெய்னுடன் 'ஹோண்டோ' உள்ளிட்ட சில படங்களில் நடித்த பழக்கத்தால், 1955 செப்டம்பர் 10 அன்று ஒளிபரப்பான முதல் பகுதியை அறிமுகப்படுத்தப் பெருநடிகரான வெய்னே திரையில் தோன்றி, இந்த இளைஞரை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். எவ்வளவு காலம்? 1975 மார்ச் 31 வரை. இருபது பருவங்கள், 635 பகுதிகள், அவற்றுள் 233 அரைமணி நேரப் பகுதிகள், எஞ்சிய 402 ஒருமணி நேரப் பகுதிகள்.

எண்கள் போதும். இனி ஒரு காலைப் பற்றிப் பேசவேண்டும். ஆர்னெஸின் வலது காலைப் பற்றி.

இரண்டாம் உலகப் போரில் விமானியாகவேண்டும் என்று விரும்பியவர் ஆர்னெஸ். உயரம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. காலாட்படையின் மூன்றாம் பிரிவில் சேர்க்கப்பட்டு, 1944 ஜனவரியில் இத்தாலியின் ஆன்சியோ கடற்கரையில் இறங்கினார். தரையிறங்கும் படகிலிருந்து முதலில் குதிக்கவேண்டியவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். காரணம் வீரமன்று, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பார்க்கவேண்டும், படகிலேயே உயரமானவர் அவர்தாம். தண்ணீர் அவருக்கு இடுப்பளவு இருந்தது. அதன்பின் சில நாட்களிலேயே இயந்திரத் துப்பாக்கியின் குண்டுகள் அவருடைய வலது காலைச் சிதைத்தன. நெடுநாள் மருத்துவமனையில் கிடந்து, பல அறுவை மருத்துவங்களுக்கு உள்ளாகி, 1945-இன் தொடக்கத்தில் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். அந்தக் கால் முழுமையாகக் குணமாகவே இல்லை. குதிரையேறும் வேடத்தையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒருவருக்கு, சேணத்தில் அமர்ந்தாலே சில வேளைகளில் வலி கிளம்பும் கால் வாய்த்திருந்தது.

இங்கே ஒரு விந்தையை அவையோர் உற்றுநோக்க வேண்டும். கன்ஸ்மோக்கின் முதல் ஒன்பது பருவங்களில் டில்லனுக்கு உதவியாளராக வரும் செஸ்டர் என்பவர் ஒரு காலை விறைப்பாக இழுத்து இழுத்து நடப்பார். மார்ஷலைத் தேடித் தெருவில் ஓடும்போதும், அடுப்பில் காப்பிப் பாத்திரத்தை ஏற்றும்போதும், குதிரையில் ஏறும்போதும் அந்த விறைப்பு மாறாது. அந்த நடையை அமெரிக்கச் சிறுவர்கள் பள்ளி முற்றங்களில் நடித்துக் காட்டினார்கள். அவ்வேடத்தைத் தாங்கிய டென்னிஸ் வீவர் நல்ல உடற்கட்டும் ஓட்டப் பயிற்சியும் உடையவர். அவருடைய காலில் ஒரு குறையும் இல்லை. மெய்யாகவே கால் சிதைந்தவரோ அவருக்கு அருகிலேயே, நிமிர்ந்து, சீரான அடிவைத்து நடந்துகொண்டிருந்தார். முடம் இல்லாதவர் முடத்தை நடித்தார். முடம் உள்ளவர் முடமின்மையை நடித்தார். முன்னவருக்கு 1959-இல் எம்மி விருது கிடைத்தது. பின்னவர் மும்முறை பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறைகூடப் பெறவில்லை. நடிப்பு என்று கண்ணுக்குத் தெரிவதற்கே விருதுகள் போய்ச்சேருகின்றன போலும்.

இந்தச் செய்தி அன்றைய பார்வையாளர் பலருக்குத் தெரியாது. ஆனால் 2011-இல் ரசிகர்கள் அவரைப் பற்றிப் பேசியபோது மீண்டும் மீண்டும் எடுத்துக்கொண்டவற்றுள் ஆன்சியோவும் அந்தக் காலும் முன்வரிசையில் இருந்தன. பழைய பகுதிகளைத் திரும்பப் பார்த்தவர்கள், மார்ஷல் குதிரையிலிருந்து இறங்கும் காட்சிகளை இப்போது வேறு கண்ணால் பார்த்தார்கள். முன்பு வேடத்தின் நிதானம் என்று தோன்றியது, இப்போது மனிதரின் பொறுமை என்று தோன்றியது. இறப்பு ஒரு நடிகருக்குச் செய்வது இதுதான்: வேடத்திற்கும் மனிதருக்கும் நடுவே இருந்த சுவரை அது மெல்லியதாக்குகிறது.

அப்படியென்றால் ரசிகர்கள் யாருக்காக வருந்தினார்கள்? ஆர்னெஸுக்காகவா, டில்லனுக்காகவா? இக்கேள்விக்கு எளிய விடை இல்லை. ஏனெனில் ஆர்னெஸை அவர்கள் அறியவே இல்லை. அவர் பேட்டி கொடுப்பதை விரும்பாதவர், விருந்துகளில் தென்படாதவர், படப்பிடிப்பு இல்லாத நேரங்களில் கலிஃபோர்னியக் கடலில் அலைச்சறுக்குப் பலகையோடு திரிந்தவர். அவருடைய மகன் ரோல்ஃப் 1970-இல் அலைச்சறுக்கில் உலகப் பட்டம் வென்றார் என்பதிலிருந்து, அக்குடும்பம் படப்பிடிப்புத் தளத்தைக் காட்டிலும் கடலையே எவ்வளவு விரும்பியது என்று உய்த்துணரலாம். தம்மைப் பற்றி ஒரு நூல் எழுதவும் 2001 வரை, அதாவது 78 வயதுவரை, அவர் முன்வரவில்லை. மனிதர் தம்மை மறைத்துக்கொண்டதால் வேடம் கறைபடாமல் நின்றது. டில்லன் என்று சொன்னால் டில்லன் மட்டுமே நினைவுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் நிற்கும் நடிகரின் வீட்டுச் சண்டையோ அரசியலோ வந்து குறுக்கிடவில்லை.

தொலைக்காட்சி நடிகருக்கும் திரைப்பட நடிகருக்கும் உள்ள வேறுபாடும் இங்கே நினைக்கத்தக்கது. திரைப்பட நாயகரைக் காண மக்கள் வெளியே போகவேண்டும், சீட்டு வாங்கவேண்டும், இருட்டில் அவரை அண்ணாந்து பார்க்கவேண்டும். தொலைக்காட்சி நடிகரோ தாமே வீட்டுக்கு வருகிறார். சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு, பிள்ளைகள் உறங்கப்போகவேண்டிய நேரத்தில், உறங்கமாட்டோம் என்று அவர்கள் அடம்பிடித்து விழித்திருக்கும்போது, வாரம் தவறாமல் வந்துபோகும் தாய்மாமனைப் போல் வருகிறார். 1955-இல் பத்து வயதுச் சிறுவனாக அவரைப் பார்க்கத் தொடங்கியவர், தொடர் முடியும்போது முப்பது வயதை எட்டிக்கொண்டிருந்தார். இடையில் வியட்நாம் போர், திருமணம், குழந்தைகள். எனவே ஆர்னெஸின் மறைவைக் கேட்டவர்களுள் பலர் உடனே பேசத் தொடங்கியது அவரைப் பற்றியன்று. தங்களோடு சேர்ந்து அமர்ந்து பார்த்த தந்தையைப் பற்றியும் தாத்தாவைப் பற்றியும் ஆகும். எந்தக் கதை, யார் வில்லன் என்பதெல்லாம் மறந்துபோயிருக்க, எந்த நாற்காலியில் தந்தை அமர்ந்திருந்தார் என்பது மட்டும் மறக்காமல் இருந்தது.

தொடரின் தொடக்கக் காட்சியையும் இங்கே ஒருமுறை நோக்கவேண்டும். டாட்ஜ் சிட்டியின் வெறிச்சோடிய தெரு. டில்லனின் முதுகும் இடுப்பும் உறையிலுள்ள துப்பாக்கியும் மிக அருகில். தெருவின் மறுமுனையில் சின்ன உருவமாக எதிராளி. எதிராளியாக நின்றவர் ஆர்வோ ஓஜலா, துப்பாக்கியை விரைந்து உருவும் கலையை ஹாலிவுட் நடிகர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியர். எதிராளியின் துப்பாக்கி ஒரு கணம் முந்திக்கொள்ள, குறி தவறாமல் சுட்டவர் டில்லன் என்பதை உற்றுப்பார்த்தவர்கள் கண்டுகொண்டார்கள். முந்துவது முக்கியமன்று என்ற எண்ணம் அந்தக் காட்சிக்குள்ளேயே இருந்தது. 1970-களை நெருங்கும்போது தொலைக்காட்சியில் வன்முறை மிகுந்துவிட்டது என்ற எதிர்ப்பு வலுத்து, அந்தக் காட்சி கைவிடப்பட்டு, டில்லன் குதிரையில் விரையும் காட்சி அதனிடத்தில் வைக்கப்பட்டது. பழைய ரசிகர்களுக்கு இந்த மாற்றத்தில் இன்றளவும் மனநிறைவு இல்லை.

அத்தெருவில் டில்லன் தனியாக இல்லை. லாங் பிராஞ்ச் என்னும் மதுக்கடையை நடத்தும் கிட்டி ரஸ்ஸலாக அமாண்டா பிளேக். எரிச்சலோடு பேசி இரக்கத்தோடு மருத்துவம் செய்யும் டாக் ஆடம்ஸாக மில்பர்ன் ஸ்டோன். செஸ்டருக்குப் பின்வந்த ஃபெஸ்டஸாக கென் கர்ட்டிஸ். டில்லனும் கிட்டியும் ஒருவரையொருவர் விரும்பினார்களா? விரும்பினார்கள் என்பது பார்த்தவர் எல்லோருக்கும் தெரியும். அதைக் கதை ஒருபோதும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பத்தொன்பது பருவங்களில் அவர்கள் முத்தமிட்டுக்கொள்ளக்கூட இல்லை. ஒரு மேசையருகே நின்றுகொண்டு இன்று வெளியூர் போகிறேன் என்று அவர் சொல்வதும், கவனமாக இருங்கள் என்று அவள் சொல்வதுமாகவே அந்த அன்பு கழிந்தது. 1973-இல் டில்லன் நினைவிழந்து வேறொரு பெண்ணோடு அன்புகொள்வதாக ஒரு கதை வந்தபோது ரசிகர்கள் கிட்டியின் பக்கமே நின்றார்கள். இறந்தவரை நினைவுகூர்ந்தவர்களுள் கணிசமானோர் இந்த வழக்கை மீண்டும் கையிலெடுத்து வாதாடினார்கள் என்பது, துக்கம் எப்போதும் அழுகையாகவே இருப்பதில்லை என்பதைக் காட்டுகிறது.

இனி, அந்த விடைபெறாமையின் கதைக்கு வரவேண்டும்.

1957 முதல் 1961 வரை அமெரிக்காவில் மிகுதியாகப் பார்க்கப்பட்ட தொடர் கன்ஸ்மோக்தான். 1959-இல் மாலைநேர ஒளிபரப்பில் 25-க்கும் மேற்பட்ட வெஸ்டர்ன் தொடர்கள் போட்டியிட்டன. அத்தனைக்கும் மேலே இது நின்றது. அதன்பின் அலை வடிந்தது. 1967-இல் சி.பி.எஸ். நிறுவனம் தொடரை நிறுத்த முடிவுசெய்தது. அதை விரும்பிப் பார்ப்போர் வயதானவர்கள், சிற்றூர்க்காரர்கள், பொருள் வாங்கிக் குவிக்கும் நகரத்து இளைஞர்கள் அல்லர் என்பது விளம்பரக்காரர்களின் கணக்கு. எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. விடுமுறையில் இருந்த நிறுவனத் தலைவர் வில்லியம் பேலி, தமக்கு மிகவும் பிடித்த தொடர் அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டதை அறிந்து, அதை மீண்டும் சேர்க்கச் சொன்னார். இடம் வேண்டுமே? இன்னொரு பருவத்திற்கு வாய்மொழியாக உறுதி பெற்றிருந்த 'கில்லிகன்ஸ் ஐலண்ட்' என்னும் நகைச்சுவைத் தொடர் வெளியேற்றப்பட்டது. சனிக்கிழமையிலிருந்து திங்கட்கிழமைக்கு மாற்றப்பட்ட கன்ஸ்மோக், யாரும் எதிர்பாராதவாறு அந்த ஆண்டிலேயே முதல் ஐந்து இடங்களுக்குள் ஏறியது.

ஒருமுறை சாவிலிருந்து மீண்டதால் இரண்டாம் முறை யாரும் அஞ்சவில்லை. அங்கேதான் அடி விழுந்தது. 1975 வசந்தத்தில் தொடர் நிறுத்தப்பட்டபோது, நடிகர்களுக்கே முன்கூட்டித் தெரிவிக்கப்படவில்லை. இன்னொரு பருவம் உண்டு என்றே அவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆதலால் இறுதிப் பகுதி என்று ஒன்று எழுதப்படவே இல்லை. கடைசியாக ஒளிபரப்பான புதிய பகுதி, ஃபெஸ்டஸ் ஒரு குத்தகை உழவர் குடும்பத்திடம் சிக்கிக்கொண்டு விழிக்கும் சாதாரணமான வேடிக்கைக் கதை. டில்லன் மார்ஷல் பதவியிலிருந்து இறங்கவில்லை, டாக் மூப்படைந்து மருந்துப் பையைக் கீழே வைக்கவில்லை. இருபது ஆண்டுகள் வீட்டுக்கு வந்துபோனவர் ஒருநாள் வரவில்லை, அவ்வளவே. இன்றைய தொடர்களின் இறுதிப் பகுதிகளுக்கு மாதக்கணக்கில் விளம்பரம் செய்யப்படுவதைக் காணும் தலைமுறைக்கு இந்த அலட்சியம் நம்பமுடியாததாகத் தோன்றும்.

இதே ஆண்டுகளில் வேறொரு தொடர் தன் நடிகரின் இறப்பை எதிர்கொண்ட விதத்தை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். 'பொனான்சா' என்னும் வெஸ்டர்ன் தொடரில் ஹாஸ் என்ற பெருத்த உடலும் குழந்தை மனமும் உடைய மகனாக நடித்த டேன் பிளாக்கர், 1972 மே 13 அன்று, அறுவை மருத்துவத்திற்குப் பின் நேர்ந்த சிக்கலால் 43 வயதில் இறந்துபோனார். அக்காலத் தொலைக்காட்சி வழக்கப்படி நடிகர் போனால் கதாபாத்திரம் ஏதோ ஒரு வெளியூருக்குப் போய்விடும். அல்லது வேறொருவர் அதே பெயரில் வந்து நிற்பார். பொனான்சா அப்படிச் செய்யவில்லை. ஹாஸ் இறந்துவிட்டார் என்று கதையே ஒப்புக்கொண்டது. பார்வையாளர்களின் துயரத்திற்குத் திரைக்குள் இடம் தரப்பட்டது. ஆயினும் அந்தத் தொடர் 1973 ஜனவரிக்கு மேல் நிற்கவில்லை.

இன்னொருவர் கிளேட்டன் மூர். முகமூடியணிந்த 'லோன் ரேஞ்சர்' வேடத்தில் புகழ்பெற்று, தொடர் முடிந்த பின்னும் அதே முகமூடியோடு சந்தைகளிலும் குழந்தைகள் மருத்துவமனைகளிலும் தோன்றி வந்தவர். 1979-இல், உரிமையை வைத்திருந்த நிறுவனம் புதிய படமொன்றை எடுக்க எண்ணி, அவர் பொதுவிடங்களில் முகமூடி அணியக்கூடாது என்று நீதிமன்ற ஆணை பெற்றது. மூர் என்ன செய்தார்? முகத்தைச் சுற்றி வளைந்த பெரிய கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிறுவனத்தை எதிர்த்து வழக்காடினார். ரசிகர்கள் அவர் பக்கம் திரண்டார்கள். சில ஆண்டுகளில் முகமூடி அவரிடமே திரும்பியது. 1999 டிசம்பரில் இறக்கும்வரை அதை அவர் விடவில்லை. மூர் தம் வேடத்தைக் கழற்ற மறுத்தவர். ஆர்னெஸ் வேலை முடிந்ததும் மார்ஷலின் நட்சத்திரச் சின்னத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கடலுக்குப் போனவர். இருவரையும் ரசிகர்கள் ஒரே அளவு நேசித்தார்கள் என்பதை எந்தக் கோட்பாட்டைக் கொண்டு விளக்குவது?

ஆர்னெஸின் தொடரில் உடனிருந்தோர் ஒவ்வொருவராகப் போனார்கள். 1980-இல் மில்பர்ன் ஸ்டோன். 1989-இல் அமாண்டா பிளேக். 1991-இல் கென் கர்ட்டிஸ். 2006-இல் டென்னிஸ் வீவர். 2010 மார்ச்சில் தம்பி பீட்டர் கிரேவ்ஸும் காலமானார். 1987 முதல் 1994 வரை டில்லனை மையமாகக் கொண்ட ஐந்து தொலைக்காட்சிப் படங்களில் ஆர்னெஸ் நடித்தார் என்பது உண்மை. முதற்படத்தில் பிளேக்கும் உடனிருந்தார். அதன்பின் டாட்ஜ் சிட்டி என்ற உலகமே இல்லாமல், முதிய மனிதர் ஒருவர் குதிரையில் தனியே அலைவதாகவே அப்படங்கள் அமைந்தன. அவை தேர்ந்த படங்கள்தாம் என்றாலும் விடைபெறும் பணியை அவை செய்யவில்லை. ஊரே இல்லாதபோது யாரிடம் விடைபெறுவது?

அதைச் செய்தது ஒரு கடிதம். தாம் இறந்த பிறகு வெளியிடுமாறு தம் மனைவியிடம் ஒப்படைக்கும் எண்ணத்தோடு ரசிகர்களுக்கென்று ஆர்னெஸ் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். அதன் உள்ளடக்கம் மிக எளியது. நல்ல வாழ்க்கை கிடைத்தது, அன்பானவர்கள் சூழ்ந்திருந்தார்கள் என்கிறார். கன்ஸ்மோக்கையும் பிற படைப்புகளையும் இத்தனை ஆண்டுகள் பார்த்ததற்கு நன்றி சொல்கிறார். ஆன்சியோவை நினைத்து, உயிர் எவ்வளவு அரியது என்பதை அந்தப் போர் உணர்த்தியதாகச் சொல்கிறார். ரசிகர்கள் அனுப்பிய கடிதங்களுக்கும் வாழ்த்துகளுக்கும் பரிசுகளுக்கும் மீண்டும் நன்றி சொல்கிறார். தத்துவம் இல்லை, அலங்காரம் இல்லை. வாழ்நாளெல்லாம் பேட்டிக்குப் பிடிகொடுக்காதவர், பேட்டி எடுக்க எவராலும் இயலாத ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுத்துப் பேசினார்.

இதன் விளைவை எண்ணிப்பார்க்கவேண்டும். வழக்கமாக நடிகர் இறந்ததும் ரசிகர்கள் பேசுவார்கள், இறந்தவர் மறுமொழி தரமாட்டார். இங்கே வரிசை தலைகீழானது. இறந்தவர் முதலில் பேசினார். ரசிகர்கள் மறுமொழி தந்தார்கள். அவர்களுடைய இரங்கலில் அழுகையைக் காட்டிலும் நன்றியே மிகுந்திருந்ததற்குக் காரணம் அதுவே. அவர்கள் பேசியது ஒரு கடிதத்திற்கு எழுதும் பதிலின் நடையில்தான்: சென்று வாருங்கள் மார்ஷல், நாங்கள் நலமாக இருக்கிறோம் என்னும் தொனியில். எழுதப்படாத இறுதிப் பகுதியை ஒருபக்கம் நடிகரும் மறுபக்கம் பார்வையாளரும் பங்கிட்டு எழுதி முடித்தார்கள்.

அன்பின் நினைவு நேர்மையான நினைவுதானா என்ற கேள்வியையும் இந்த அவையில் கேட்டாகவேண்டும். உண்மையான டாட்ஜ் சிட்டி, 1872-இல் இருப்புப்பாதை வந்ததால் எழுந்து, டெக்சஸிலிருந்து ஓட்டிவரப்பட்ட மாடுகளால் செழித்து, 1885-ஐ ஒட்டி அந்த வணிகத்தை இழந்த ஊர். ஊருக்குள் துப்பாக்கி ஏந்தித் திரியக்கூடாது என்ற தடை அங்கே இருந்தது. கான்சஸின் ஐந்து மாட்டுச்சந்தை ஊர்களில் 1870-க்கும் 1885-க்கும் இடையே நடந்த கொலைகள் மொத்தம் 45 என்று வரலாற்றாசிரியர் ராபர்ட் டைக்ஸ்ட்ரா கணக்கிட்டிருக்கிறார். கன்ஸ்மோக்கின் ஒரே பருவத்தில் விழுந்த பிணங்களை அடுக்கினால் அந்த எண்ணோடு போட்டி போடும் போலிருக்கிறது. மாடு ஓட்டிச் சென்றவர்களுள் கறுப்பினத்தவரும் மெக்சிக்கரும் பெருந்தொகையினர். தொடரிலோ அவர்கள் அரிதாகவே முகங்காட்டினார்கள். நிலத்தை இழந்த பழங்குடி மக்களைப் பற்றிச் சில கதைகள் பரிவோடு பேசினாலும், அவ்வேடங்களைப் பெரும்பாலும் வெள்ளை நடிகர்களே ஏற்று நடித்தார்கள். துயரத்தில் திளைத்த ரசிகர்கள் இவற்றைப் பேசவில்லை. பேசியிருக்கவேண்டும் என்று இழவு வீட்டில் எதிர்பார்ப்பது மரபன்று. ஆனால் அந்நாளின் அமெரிக்கா ஒழுங்கும் நேர்மையும் நிறைந்திருந்தது, இப்போது அவையெல்லாம் போய்விட்டன என்று சிலர் ஆர்னெஸின் பெயரால் பெருமூச்சுவிட்டபோது, அது வரலாற்றைப் பற்றிய கூற்றாக மாறிவிடுகிறது. அந்தக் கூற்று தவறானது. அவர்கள் இழந்தது 1870-களின் கான்சஸை அன்று, தங்கள் சிறுவயது வீட்டின் வரவேற்பறையை.

டாட்ஜ் சிட்டிக்கு இந்தக் குழப்பத்தால் இழப்பு ஒன்றும் இல்லை. பழைய தெருவின் மாதிரியை மீண்டும் கட்டியெழுப்பி, பூட் ஹில் அருங்காட்சியகத்தை வைத்துக்கொண்டு, தன் ஊரில் ஒருநாளும் வாழாத ஒரு மார்ஷலின் பெயரால் பயணிகளை அது வரவேற்று வருகிறது. வையட் ஏர்ப், பேட் மாஸ்டர்சன் என்று மெய்யாகவே அங்கே காவல் பணி செய்தவர்கள் இருக்க, வருவோரில் பலர் டில்லனின் அலுவலகம் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். படப்பிடிப்பின் பெரும்பகுதி நடந்தது கலிஃபோர்னியாவில் என்று சொன்னாலும் அவர்களுக்கு அது பொருட்டில்லை.

மறு ஒளிபரப்பைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பழைய தொடர்களுக்கென்றே அமைந்த அமெரிக்க அலைவரிசைகளில் கன்ஸ்மோக் நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1975-க்குப் பின் பிறந்து, இத்தகைய ஒளிபரப்பில் டில்லனைக் கண்டெடுத்த ரசிகர்கள் ஒரு தனி வகையினர். அவர்களுக்கு அவர் வரிசையாக வயதாகவில்லை. ஒருநாள் கறுப்பு வெள்ளையில் ஒல்லியான இளைஞராக வருகிறார், இன்னொரு நாள் வண்ணத்தில் தடித்த முகத்தோடு வருகிறார். 2011-இல் அவர் இறந்தார் என்பதை இவர்களுள் சிலர் ஆண்டுகள் கழித்தே அறிகிறார்கள்; அறிந்த அன்று, நேற்று இறந்தவருக்கு வருந்துவது போலவே வருந்துகிறார்கள்.

2018 ஏப்ரல் 29 அன்று 'தி சிம்ப்சன்ஸ்' என்னும் கார்ட்டூன் தொடர் தன் 636-ஆம் பகுதியை ஒளிபரப்பி, கன்ஸ்மோக்கின் 635 என்ற எண்ணைத் தாண்டியது. அன்றைய தொடக்கக் காட்சியில் மேகி என்னும் கைக்குழந்தையை டாட்ஜ் சிட்டித் தெருவில் டில்லனுக்கு எதிரே நிறுத்தி, அவரைச் சுட்டு வீழ்த்தவைத்தார்கள்; பழைய துப்பாக்கிச் சண்டைக் காட்சிக்குச் செய்த வணக்கம் அது. பழைய ரசிகர்கள் அந்தக் கணக்கை ஏற்கவேண்டியதில்லை. மேகி 1989 முதல் அதே குழந்தைதான்; ஆர்னெஸ் 32 வயதில் அத்தெருவுக்குள் நடந்துவந்து, 51 வயதுவரை அந்தக் காலோடு நின்றவர்.